டிராகன் பால்: மாங்காவில் தொடங்குவதா, இசட்டிலா, காயிலா?

அக்கா மகனுக்குப் பரீட்சை முடிந்து ஒன்றரை மாதம் விடுமுறை. "மாமா, டிராகன் பால் முழுசா பாக்கலாம்னு இருக்கேன். எதுல ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. கதை ஒன்றுதான், ஆனால் அது மூன்று உருவத்தில் கிடைக்கிறது. 519 அத்தியாயம், 42 தொகுதி கொண்ட மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. அதை அனிமேயாக, அதாவது தொலைக்காட்சிக் கார்ட்டூனாக, எடுத்த 153 எபிசோடு முதல் தொடரும் அதைத் தொடர்ந்து வந்த 291 எபிசோடு இசட்டும். அப்புறம், இசட்டை வெட்டிச் சுருக்கி 2009இல் வெளிவந்த காய். ஒவ்வொன்றின் பின்னாலும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு அவசரம். எதில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து நாம் சந்திக்கும் நாயகன் கோகுவே கொஞ்சம் மாறிவிடுவான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படக்கதை படிக்க அலுப்பு இல்லையென்றால் மாங்காவில் தொடங்குவதுதான் சரி. அனிமேயை அதன் பிறகு, தேர்ந்தெடுத்த இடங்களில் பார்க்கலாம். படிக்கவே முடியாது என்பவர்களுக்குக் காய். இசட்டை முதல் எபிசோடிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் பார்ப்பதை முதல்முறை வருகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன், எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தாலும்.

ஏன் என்று விளக்க, இந்தக் கதை எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிராகன் பாலை அகிரா தோரியாமா முன்கூட்டியே திட்டம் போட்டு எழுதவில்லை. வாரா வாரம் வரைந்தார். வாரா வாரம் எடிட்டர் கருத்துச் சொன்னார், வாசகர்கள் ஓட்டுப் போட்டார்கள். கதை திரும்பிய முக்கியமான திருப்பங்கள் பலவற்றில் அந்த இரண்டு தரப்பின் கையும் இருக்கிறது.

தோரியாமா 1980 முதல் 1984 வரை வாராந்திர ஷோனென் ஜம்ப் என்ற மாங்கா இதழில் டாக்டர் ஸ்லம்ப் வரைந்தவர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த நகைச்சுவைத் தொடர். ஆனால் அவருக்கு அலுத்துவிட்டது, நிறுத்த வேண்டும் என்றார். எடிட்டர் கசுஹிகோ தோரிஷிமா ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: நிறுத்தலாம், மூன்று மாதத்தில் அடுத்த தொடர் வந்தாக வேண்டும். (இரண்டு பெயரும் குழப்பும். தோரியாமா வரைபவர், தோரிஷிமா எடிட்டர்.) டாக்டர் ஸ்லம்ப்புக்கு முன்னால் புதுமுகமாக இருந்த தோரியாமாவிடமிருந்து வந்த பக்கங்களில் சுமார் 500 பக்கத்தை வேண்டாம் என்று தள்ளியவரும் இதே எடிட்டர்தான். தோரியாமா பதிலுக்குத் தன் தொடரில் வரும் வில்லன் விஞ்ஞானிக்கு மாஷிரிதோ என்று பெயர் வைத்தார். தோரிஷிமா என்பதை ஜப்பானிய எழுத்தில் பின்னிருந்து படித்தால் அது வரும். முகமும் எடிட்டருடைய முகமேதான். இவர்கள் இருவருக்கும் இடையே எவ்வளவு உரிமை இருந்தது என்று இதிலேயே தெரியும்.

தோரியாமா வரையும்போது ஜாக்கி சானின் குங்ஃபூ படங்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்ப்பார் என்று அறிந்த தோரிஷிமா, அப்படியானால் அதையே வரையுங்கள் என்றார். 1983இல் டிராகன் பாய் என்ற சிறுகதை அப்படி வந்தது. அதன் மேல் சீனத்து 'மேற்கு நோக்கிய பயணம்' கதையின் குரங்கு அரசனை ஏற்றி, 1984 நவம்பரில் டிராகன் பால் ஜம்ப்பில் தொடங்கியது.

தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மதிப்பு இறங்கியது. ஜம்ப் இதழோடு ஓர் அஞ்சலட்டை இருக்கும். வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த மூன்று தொடர்களைக் குறித்து அனுப்புவார்கள். அடியிலேயே தங்கும் தொடர் பத்து வாரம் தாண்டாமலே முடிக்கப்படுவது அங்கே சாதாரணம். மேலே இருப்பதற்கு அட்டைப்படமும் வண்ணப் பக்கமும் கிடைக்கும். டிராகன் பால் எனப்படும் ஏழு உருண்டைகளைத் தேடி அலையும் அந்தச் சாகசப் பயணம் இப்போது படிக்கவும் இனிமையாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு ஓட்டு விழவில்லை. உங்கள் நாயகன் சப்பென்று இருக்கிறான், அதனால்தான் எடுபடவில்லை என்று தோரிஷிமா சொன்னார். தோரியாமா யோசித்தார். கோகுவுக்கு ஒரே ஓர் ஆசையைக் கொடுத்தார்: இன்னும் பலசாலியாக வேண்டும். முதல் 23 அத்தியாயத்தோடு உருண்டை வேட்டை முடிகிறது. கூட வந்தவர்களை ஓரங்கட்டிவிட்டு, கோகுவை ஆமை முனிவரிடம் சீடனாக அனுப்பி, குரிலினைத் துணைக்குச் சேர்த்து, உலகச் சண்டைப் போட்டியில் இறக்கிவிட்டார். ஓட்டு எகிறியது. இன்றைக்கு உலகம் முழுக்க ஓடும் சண்டைத் தொடர்களில் பாதி அந்தப் போட்டி மேடையில் பிறந்தவை என்றுகூடச் சொல்வேன்.

மாங்காவில் இந்தத் திருப்பம் அப்படியே கண்ணில் படும். இரண்டாம் தொகுதி வரை ஒரு கதை, மூன்றாம் தொகுதியிலிருந்து வேறு கதை. கூடவே பயணம் வந்த புல்மா திடீரென்று பின்னுக்குப் போகிறாள். யாம்ச்சாவைக் கொஞ்ச நாள் காணவே காணோம். அனிமேயிலும் இதே திருப்பம் இருக்கிறது, ஆனால் இடையில் சேர்த்த காட்சிகள் அந்தத் தையலை மூடிவிடும். தையல் தெரிவது எனக்குக் குறையாகப் படவில்லை. ஒரு மனிதர் வாராவாரம் என்ன செய்வதென்று யோசித்து யோசித்து வரைந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது போல இருக்கும்.

இதற்கு மிக நல்ல உதாரணம் செயற்கை மனிதர்கள் வரும் பகுதி. அங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம்.

ஃப்ரீசா என்ற வில்லனின் கதை முடிந்ததும் எதிர்காலத்திலிருந்து டிரங்க்ஸ் என்ற இளைஞன் வருகிறான். மூன்று வருடத்தில் இரண்டு செயற்கை மனிதர்கள் வந்து எல்லாரையும் கொன்றுவிடுவார்கள் என்று எச்சரிக்கிறான். சொன்னபடியே வருகிறார்கள்: 19, 20. ஒருவன் வெள்ளை முகக் குண்டன், இன்னொருவர் கிழவர். அந்த நேரத்தில் தோரிஷிமா தோரியாமாவுக்கு எடிட்டரே இல்லை, யூ கொண்டோ என்பவர் பொறுப்பேற்றிருந்தார். ஆனாலும் பழைய எடிட்டர் போன் போட்டார். ஒரு கிழவரும் ஒரு குண்டனும்தானா வில்லன்கள் என்று கேட்டார். தோரியாமா உடனே 17, 18 என்று இளவயது இரட்டையர்களைக் கொண்டுவந்தார். இப்போது கொண்டோவுக்குத் திருப்தி இல்லை: இவர்கள் வெறும் பிள்ளைகள் மாதிரி இருக்கிறார்களே என்றார். செல் என்ற புது வில்லன் வந்தான். பூச்சி மாதிரி இருந்த செல் அசிங்கமாக இருக்கிறான், இவன் உருமாற மாட்டானா என்று கொண்டோ கேட்டார். உருமாறினான். இரண்டாவது உருவத்தைப் பார்த்து, இவன் முட்டாள் மாதிரி இருக்கிறானே, சீக்கிரம் அடுத்ததற்குப் போங்கள் என்றார். அப்படித்தான் மூன்றாவது, முழுமையான செல்.

இதைத் தெரிந்துகொண்டு அந்த அத்தியாயங்களைப் படித்துப் பாருங்கள். டிரங்க்ஸ் வந்து இறங்கி, கீழே கிடக்கும் செயற்கை மனிதனைப் பார்த்து, இவன் யார், நான் சொன்னது இவனை இல்லையே என்கிறான். கதைக்குள் அது ஒரு மர்மம். கதைக்கு வெளியே அது தோரிஷிமாவின் போன். பிறகு, பாசி படிந்த இன்னொரு கால இயந்திரம் கண்டுபிடிக்கப்படுகிறது. பக்கத்தில் ஒரு பெரிய பூச்சி சட்டை உரித்துப் போட்ட கூடு. எடிட்டருக்காகப் புது வில்லனை நுழைத்தாக வேண்டும், அதை இவ்வளவு பதைபதைப்போடு நுழைத்திருக்கிறாரே என்று நான் ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். கோகுவின் போட்டியாளன் வெஜிட்டா தன் திமிரால் செல்லை முழு உருவம் எடுக்க விட்டுவிடும் கட்டமும் அப்படித்தான். செல் எப்படியும் சீக்கிரம் மாறியாக வேண்டும். அதற்கு வெஜிட்டாவின் குணத்தையே காரணமாக்கியதால் அது கட்டாயத்துக்குச் செய்ததாகத் தெரியவே இல்லை.

ஆக, மாங்காவில் வாசகர் ஓட்டும் எடிட்டரும் சேர்ந்து செய்தது என்ன என்றால், எடுபடாததை வெட்டித் தள்ளி கதையை ஓடவைத்தது. தொலைக்காட்சியில் அதே புகழ் நேர் எதிரான வேலையைச் செய்தது. அங்கே அது கதையை இழுத்தது.

அனிமே 1986 பிப்ரவரியில் ஃபூஜி தொலைக்காட்சியில் தொடங்கியது. தோஎய் அனிமேஷன் தயாரிப்பு, புதன்கிழமை மாலை ஏழு மணி. இப்போதைய தொடர்கள் பன்னிரண்டு எபிசோடு போட்டுவிட்டு ஒரு வருடம் ஓய்வெடுக்கின்றன. அன்றைக்கு அப்படி இல்லை. நன்றாக ஓடுகிற தொடரை நிறுத்தவே மாட்டார்கள். ஜம்ப்பில் வாரத்துக்குச் சுமார் 15 பக்கம் வரும், அதில் பாதிக்கு மேல் சண்டை. அதை வைத்து இருபது நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். வேகமாக ஓட்டினால் மாங்காவை எட்டிப் பிடித்துவிடும், அதன் பிறகு கதையே இருக்காது. என்ன செய்வார்கள்? முறைத்துக்கொண்டு நிற்பார்கள். மேகம் நகரும். கல் மிதக்கும். சக்தியை ஏற்றுகிறேன் என்று கத்துவார்கள். போன வாரம் நடந்ததை மறுபடி காட்டுவார்கள். நாமெக் கிரகம் இன்னும் ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று ஃப்ரீசா சொல்வதிலிருந்து அது வெடிப்பதற்குள் ஏறத்தாழ பத்து எபிசோடு போய்விடும். அதுவும் போதாதபோது முழுசாகப் புதுக்கதை. இசட்டில் 108 முதல் 117ஆம் எபிசோடு வரை வரும் கார்லிக் ஜூனியர் பகுதி மாங்காவிலேயே கிடையாது.

எண்ணிக்கையைப் பாருங்கள். மாங்காவின் முதல் 194 அத்தியாயம் 153 எபிசோடு ஆனது. மிச்சம் 325 அத்தியாயம் 291 எபிசோடு. இசட்டை மட்டும் பார்க்கவே நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். என் வேகத்தில் மாங்கா ஒரு தொகுதிக்கு ஒரு மணி நேரம், மொத்தக் கதையும் 42 மணி நேரத்தில் முடிந்துவிடும். இசட் என்ற எழுத்தைத் தலைப்பில் சேர்க்கச் சொன்னதே தோரியாமாதான். ஆங்கில அகரவரிசையின் கடைசி எழுத்து, சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற எண்ணம். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஏழு வருடம் ஓடியது.

ஆனால் இசட்டை வெறும் இழுவை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ராடிட்ஸ் என்ற வில்லனோடு நடக்கும் சண்டைக்குப் பிறகு, கோகுவின் பழைய எதிரி பிக்கோலோ கோகுவின் மகன் குட்டி கோஹானைக் காட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாங்காவில் அது சட்டென்று கடந்துவிடும். அனிமேயில் அந்தப் பையன் பசியிலும் பயத்திலும் நாள்களை ஓட்டுவதையும், பிக்கோலோ தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டே இருப்பதையும் எபிசோடு எபிசோடாகக் காட்டுகிறார்கள். 28ஆம் எபிசோடில் கோஹானைக் காக்க பிக்கோலோ குறுக்கே வந்து நிற்கும்போது தொண்டை அடைப்பதற்கு அந்த இடைச்செருகல்தான் காரணம். 125ஆம் எபிசோடும் அப்படித்தான். கோகுவின் மனைவி சிச்சியின் பிடிவாதத்தால் கோகுவும் பிக்கோலோவும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறார்கள். தொப்பியும் சட்டையும் மாட்டிக்கொண்டு, தன் உடம்புக்குப் பத்தாத இருக்கையில் முறைப்பாக உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் பிக்கோலோவைப் பார்க்காமல் போவது பெரிய இழப்பு. மாங்காவில் இது ஒரு கட்டம்கூட இல்லை.

தொலைக்காட்சி மாங்காவுக்குத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. 1990இல் கோகுவின் அப்பா பார்டாக்கைப் பற்றி ஒரு சிறப்புப் படம் எடுத்தார்கள். தோரியாமாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், நாமெக் சண்டைக்கு நடுவில் ஃப்ரீசா நினைத்துப் பார்க்கும் முகமாகப் பார்டாக்கை மாங்காவுக்குள்ளேயே வரைந்துவிட்டார். அப்புறம் ஷுன்சுகே கிகுச்சியின் இசை, கோகு, அவன் மகன்கள் கோஹான், கோத்தேன் மூவருக்கும் குரல் கொடுத்த மசாகோ நொசாவா. இவற்றைத் தாளில் கேட்க முடியாது.

காய் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இசட்டின் 20ஆம் ஆண்டை ஒட்டி 2009 ஏப்ரலில் தொடங்கியது. பெயருக்குத் திருத்தப்பட்டது என்று அர்த்தம். பழைய படத்தையே சுத்தம் செய்து, மாங்காவில் இல்லாததைப் பெரும்பாலும் வெட்டி, வசனத்தைப் புதிதாகப் பேச வைத்தார்கள். செல் கதை முடியும் வரை இசட்டில் 194 எபிசோடு. காயில் 98. பாதி! எடிட்டர் இல்லாமல் ஓடிய தொலைக்காட்சித் தொடருக்கு இருபது வருடம் கழித்து ஓர் எடிட்டர் கிடைத்த மாதிரி. நாமெக் பகுதியைக் காயில் பார்த்தால் அது எவ்வளவு இறுக்கமான கதை என்று புரியும்.

குறைகளும் உண்டு. ஒளிபரப்பில் அகலத் திரைக்காகப் படத்தை மேலும் கீழும் வெட்டினார்கள். முதலில் போட்ட புதிய இசையில் வேறு படைப்புகளிலிருந்து எடுத்தது இருக்கிறது என்ற பிரச்சினை வந்து, 2011இல் அதை நீக்கிக் கிகுச்சியின் பழைய இசையைத் திரும்பப் போட்டார்கள். எந்தப் பதிப்பு கையில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்து எந்த இசை என்பதும் மாறும். கடைசி வில்லனான புவுவின் கதைக்கு 2014இல் வந்த இரண்டாம் பாகம் ஜப்பானில் 61 எபிசோடு. அதில் படம் முழுக்க ஒரு பச்சைச் சாயல் அடிக்கும், வெட்டும் முதல் பாகத்தின் அளவுக்குக் கச்சிதம் இல்லை. எனவே காய் வழியில் போகிறவர்கள் செல் முடிந்ததும் புவு கதைக்கு மாங்காவுக்கு மாறிவிடுங்கள் என்பேன்.

புவு கதையை மாங்காவில் படிக்கச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. மூன்றாவது எடிட்டர் ஃபுயுதோ தகேதாவின் காலம் அது. செல் கதைக்குப் பிறகு கோஹானை நாயகனாக்கிவிட வேண்டும் என்று தோரியாமா நிஜமாகவே நினைத்தார். பள்ளிக்கூடம், காதல், முகமூடி வேஷம் என்று கோஹானுக்கு ஓர் உலகத்தையே கட்டினார். கோகுவோடு ஒப்பிட்டால் அவன் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை என்று பிறகு அவரே சொன்னார். கோகு திரும்ப வந்தான். சேர்த்து வைத்த வேலை பாதியில் கைமாறுவது படிக்கும்போது நன்றாகத் தெரியும், எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்தான். ஆனால் டாக்டர் ஸ்லம்ப் வரைந்த பழைய தோரியாமா இந்தப் பகுதியில் திரும்பி வருகிறார். சின்னப் பசங்கள் இணைந்து கோடெங்க்ஸ் ஆகிச் செய்யும் சேட்டை, பேயை ஏவி அடிப்பது, கடைசியில் மிஸ்டர் சாத்தான் கூப்பிட்டு உலகமே கையைத் தூக்குவது. அந்தக் கோமாளித்தனத்துக்கு மாங்காவின் வேகம் வேண்டும். ஒரு கட்டத்தில் முடிகிற நகைச்சுவையை மூன்று நிமிடம் காட்டினால் சிரிப்பு வராது.

அந்தக் காலத்தில்தான் ஜம்ப்பின் விற்பனை உச்சத்தைத் தொட்டது: 1994 இறுதியில் ஓர் இதழ் 65.3 லட்சம் பிரதி. இவ்வளவு பேர் காத்திருக்கும்போது தொடரை முடிப்பது லேசான காரியமாக இருந்திருக்காது. 1995 மே மாதம் முடித்தார். 1997இல் போட்டி இதழான ஷோனென் மேகசின் ஜம்ப்பை முந்திவிட்டது.

153 எபிசோடு முதல் தொடரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதைத் தாண்டிக் குதித்து நேரே இசட்டுக்குப் போகாதீர்கள். பிக்கோலோ யார், குரிலின் சாவு கோகுவை ஏன் அவ்வளவு உலுக்குகிறது என்பதெல்லாம் இங்கேதான் இருக்கிறது. படிக்கிறவர்களுக்கு இது முதல் 16 தொகுதி. பார்க்கிறவர்களுக்கு இதற்குக் காய் மாதிரி சுருக்கம் கிடையாது, ஆனால் இதில் இழுவையும் இசட் அளவுக்கு இல்லை. சின்ன வயதினர் வீட்டில் இருந்தால், ஆமை முனிவரின் ஜொள்ளு நகைச்சுவை நிறையவே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். ஜப்பானில் 42 தொகுதியும் ஒரே தலைப்பில் வந்தவை. ஆங்கிலப் பதிப்பில் முதல் 16 டிராகன் பால் என்றும், மிச்சம் 26 டிராகன் பால் இசட் என்று மறுபடி ஒன்றிலிருந்தும் எண்ணிட்டிருக்கும். நான் 27ஆம் தொகுதி என்று சொன்னால் ஆங்கிலத்தில் அது இசட் 11.

அக்கா மகனிடம் கடைசியில் சொன்னது இதுதான். தினம் ஒரு தொகுதி படி, 42 நாளில் முடிந்துவிடும், விடுமுறைக்குச் சரியாக இருக்கும். நடுவில் மூன்று இடத்தில் மட்டும் நிறுத்து. பிக்கோலோவும் கோஹானும் காட்டில் இருக்கும் பகுதியை இசட்டிலும் பார். கார் ஓட்டும் எபிசோடைச் சாப்பிடும்போது பார், வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள்.

"மூணாவது எது மாமா?"

27ஆம் தொகுதி. குரிலின் வெடித்துச் சிதறியதும் கோகு மாறுகிறான், தலைமுடி நட்டுக்கொண்டு நிற்கிறது, தாளில் அது வெறும் வெள்ளை. கோகுவின் முடியை ஒவ்வொரு கட்டத்திலும் மை தீட்டிக் கருப்பாக்குவதில் உதவியாளருக்கு நேரம் போகிறது என்பதால் வெள்ளையாக விட்ட முடி அது. அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இரு. அப்புறம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இசட் 95ஆம் எபிசோடைப் போட்டு, அந்த வெள்ளை பொன்னிறமாவதைப் பார்.